மாப்பிள்ளை பஸ்

கற்பிட்டி வீதி,
புத்தளம்.
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறு கிழமை, 2003.

அன்பு மகன் சர்ஜூனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் தின்று, தொழுது, மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். கட்டார் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகை முடிவிலும் கை ஏந்துகிறேன். வழக்கம்போல நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி பஸ்மிலாதான் எழுதுகிறாள். நான் வாயில் வந்தபடி சொல்வதை அவள் புத்தகத் தமிழில் ஒழுங்கு பண்ணிப் போடுகிறாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனவளுக்கு இந்த எழுத்து எங்கிருந்து வந்ததோ, வாய்தான் இல்லை. பக்கத்துக் கொட்டிலுக்கு உப்பு வாங்க அனுப்பினாலும் வாசலில் நின்று யாராவது தன்னைப் பார்க்கும் வரைக்கும் காத்திருப்பாள். அப்படிப்பட்டவள் செய்த ஒரு காரியத்தைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன். கடைசி வரை வாசித்து முடிக்காமல் கோபப்படாதே, டெலிபோனும் எடுக்காதே. கொமினிகேசன் கடையில் நான் பேசினால் வரிசையில் நிற்கிற முழு முகாமும் கேட்டுக்கொண்டு நிற்கும். இது அப்படிக் கேட்கக் கூடாத கதை.

முதலில் வீட்டுப் பாடு. மழை இந்த முறை பிந்திப் பெய்து வெங்காயம் அழுகிவிட்டது, அதனால் பஸ்மிலாவுக்கு வேலை கிழமையில் பாதிதான். தண்ணி பவுசர் வருகிற நாளில் அடிபிடி குறையவில்லை. ராத்தா ஜெஸீமாவின் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து மாறியது, பெரியவன் பின்நேரப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். பஸ்மிலாவின் பழைய சமூகக்கல்விப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமாகப் பாடமாக்குகிறான். எந்த அரசன் எந்தக் குளத்தைக் கட்டினான், போர்த்துக்கேயர் எப்போது வந்தார்கள், ஒல்லாந்தர் எப்போது போனார்கள், வெள்ளைக்காரன் எப்போது கொடியை இறக்கினான் என்று எல்லாம் வருகிறது. போன மாதம் என்னிடம் வந்து, "மூத்தம்மா, நாங்க ஊர விட்டு வந்தது எந்தப் பக்கத்தில இருக்கு?" என்று கேட்டான். தேடிப் பாரு வாப்பா என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல. வந்தவர் போனவர் எல்லாருக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொல்லி, ஒரு மழைநாளில் இரண்டு மணித்தியாலத்தில் ஊர் முழுவதும் வள்ளம் ஏறியதற்கு ஒரு வரி இல்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். ராத்தாவின் கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கட்டாருக்குப் போவதற்கு முந்திய வருடம். நம்முடைய ஆட்களில் ஆம்பிளை பொம்பிளை வீட்டுக்குத்தான் குடி வருவான், வீடு கொடுக்காமல் ஒரு பெண்ணையும் கட்டிக்கொடுத்ததில்லை. முகாமுக்கு வந்து தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் கிடந்தபோதும் அந்த வழக்கத்தை யாரும் விடவில்லை. இல்லாத வீட்டை எப்படிக் கொடுப்பது? ஊரில் விட்டு வந்த வீட்டைத்தான் கொடுத்தார்கள். உன் வாப்பா நிக்காஹ் சபையில் எழுந்து நின்று, "கண்டல்துறையில என்ட மூண்டறை வீடும் வளவும் மகளுக்கு" என்று சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை முபாரிஸும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். அடுத்த பெருநாளுக்கு ஊரில் நிற்போம் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. அந்த வருடங்களில் இங்கே நடந்த கல்யாணம் எல்லாம் இப்படித்தான், கண்ணில் காணாத வீட்டுக்கு ஊரையே காணாத மாப்பிள்ளைமார் குடி வந்தார்கள். அடுத்த வருடம் வாப்பா மௌத்தாகிவிட்டார். அவர் சபையில் சொன்ன சொல் என் தலையில் இருந்தது, ஆனால் பாதை மூடியிருந்தபடியால் அது பாரமாகத் தெரியவில்லை.

இப்போது சமாதானம் என்று சொல்லிப் பாதையைத் திறந்துவிட்டார்களே, அன்று பிடித்தது சனியன். ஊரைப் பார்க்க முதலில் துடித்தது நாங்கள் இல்லை மகன், மருமக்கள்மார். நம்முடைய முகாமில் ஒரு பஸ் பிடித்தார்கள், ஏறினவர்களில் முக்கால்வாசி ஊரையே கண்டிராத ஆம்பிளைகள். தங்களுக்குக் கிடைத்த வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொருவரும் வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பள்ளிவாசலடியில் நின்ற பெடியன்கள் "மாப்பிள்ளை பஸ் வெளிக்கிடுது, பூ மாலை எங்க?" என்று கத்தினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வீடு காட்டுவதற்கென்று என்னைப் போல நாலைந்து மாமிமார் முன் சீட்டில். பஸ்மிலாவையும் கூட்டிப் போனேன், நாலு வயதில் தூக்கிக்கொண்டுவந்த பிள்ளை ஒருமுறை பார்க்கட்டும் என்று. வெளிக்கிடும்போது றாஹிலா மாமி தன்னுடைய சக்கர நாற்காலியை வீதி வரைக்கும் தள்ளச் சொல்லி வந்து நின்றாள். சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுத்த பிறகு அவளால் பஸ் ஏற முடியாது. "செய்னம்பு, என்ட வீட்டையும் ஒருக்காப் பாத்திட்டு வா. கடலடி வீடு, உனக்குச் சொல்லவா வேணும்" என்றாள். உன் வாப்பாவின் தாயைக் குளிப்பாட்டிக் கபனிட்டவள் அவள். வள்ளத்தில் குளிரில் உயிர்போன குழந்தைகளைக் கற்பிட்டிக் கரையில் வாங்கிக் குளிப்பாட்டியதும் அவள். இந்த முகாமில் மௌத்தான பெண்களில் அவள் கை படாமல் மண்ணுக்குப் போனவர்கள் இல்லை. அந்தக் கைக்கு யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், பார்த்துவருகிறேன் என்று நானும் சொன்னேன்.

உயிலங்குளத்தில் ஆமிச் சாவடி, அதைத் தாண்டினால் இயக்கத்தின் சாவடி. அங்கே பெண்களைச் சோதிக்க ஒரு பிள்ளை நின்றாள், பஸ்மிலாவின் வயதுதான் இருக்கும், தோளில் துவக்கு. என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "எந்த ஊருக்கு அம்மா போறீங்கள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். கண்டல்துறை, எங்கள் ஊர் என்றேன். "அங்க முஸ்லிம் ஆக்களும் இருந்தவையோ?" என்றாள். பரிகாசம் இல்லை மகன், அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கு அதுவரைக்கும் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இருந்தம் மகள்" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன். பின்னால் இருந்த ஒரு மருமகன், "மாமி, அப்ப எங்களுக்குத் தந்தது யாருட வீடு?" என்று பகிடி விட்டார். பஸ்ஸில் சிரிப்பு வந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

ஊருக்குள் பஸ் நுழைவதே பெரும்பாடாக இருந்தது. வீதியில் பற்றைக் காடு. பள்ளிவாசலுக்குச் சுவர் மட்டும் நிற்கிறது. ஒருவருக்கு முழு வீடும் கூரையோடு இருந்தது, உள்ளே வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம், பாவம், அவர்களும் அகதிதான். இன்னொருவருக்கு அடுப்படிச் சுவர் மட்டும். லொத்தர் சீட்டைச் சுரண்டிப் பார்ப்பவர்கள் மாதிரி ஒவ்வொரு மருமகனும் ஓடி ஓடிப் பார்த்தார்கள். கூரை கிடைத்தவர் அடுப்படி கிடைத்தவரைப் பார்த்து, "மச்சான், சமைக்கலாம், படுக்க மட்டும் என்னட்ட வா" என்றார். அதற்கு இவர், "படுக்க வாறன், முதல்ல உன்ட வீட்டுக்காரர எழுப்பு" என்றார். நான் முபாரிஸையும் பஸ்மிலாவையும் கூட்டிக்கொண்டு நம்முடைய ஒழுங்கைக்குள் திரும்பினேன். மகன், நம்முடைய வீடு நிற்கிறது. வாப்பா போட்ட ஓடு அப்படியே இருக்கிறது, ஜன்னல் கம்பிகூட யாரும் கழற்றவில்லை. ஏன் தெரியுமா? ஒழுங்கைத் தலைப்பிலேயே மஞ்சள் நாடா கட்டி மண்டையோட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். நம்முடைய வளவைச் சுற்றி முழுவதும் மிதிவெடி. கள்ளனுக்கும் பயம், காற்றுக்கு மட்டும்தான் உள்ளே போக வழி.

முபாரிஸ் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே இரண்டடி வைத்துவிட்டார். பின்னாலிருந்து, "தம்பி, அசையாதேங்கோ! கால எடுக்காதேங்கோ!" என்று ஒரு சத்தம். பார்த்தால் சூசையண்ணன், வாப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர், முடி முழுக்க வெள்ளை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, வைத்த அடிமேலேயே அடி வைத்துப் பின்பக்கமாக வரச் சொன்னார். முபாரிஸ் வந்து சேரும் வரைக்கும் நான் ஓதாத சூறா இல்லை. வந்ததும் அவர் முகத்தில் இரத்தம் இல்லை. அப்படியும், "மாமி, சீதனம் பலமாத்தான் தந்திருக்கிறீங்க, தொட்டா உசிர எடுக்கும்" என்றார். சூசையண்ணன் என்னைப் பார்த்து அழுதார். வாப்பா மௌத்தானது அவருக்கு அன்றுதான் தெரியும். வெடி எடுக்க வெள்ளைக்காரக் கம்பனி நாயோடு வந்திருக்கிறது, முதலில் வயல், பிறகு பள்ளிக்கூடம், பிறகு பாதை, வளவுகளுக்கு வர எத்தனை வருடமாகுமென்று அவர்களுக்கே தெரியாது என்றார்.

திரும்பும்போது பஸ்ஸைத் திருப்ப இடமில்லாமல் டிரைவர் கடற்கரை வரைக்கும் ஓட்டிப் போனார். அங்கே நல்ல வெட்டையாக ஒரு இடம். முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. கடலடி, தாழம் பற்றை, கிணறு தூர்ந்த பள்ளம். "நிப்பாட்டுங்க, இது றாஹிலாட வீடு" என்றேன். பஸ் முழுவதும் எட்டிப் பார்த்தது. சுவர் இல்லை, படி இல்லை, அத்திவாரக் கல்லைக்கூடக் கிண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எருக்கலையும் நண்டுக் குழியும்தான் இருந்தது. பஸ்ஸின் சக்கரத் தடம் அவளுடைய வீட்டு நடுவில் விழுந்து கிடந்தது.  வழி முழுவதும் நான் யோசித்தது, அவளுக்கு இதை எந்தச் சொல்லால் சொல்வது என்றுதான். பஸ்மிலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள், அவளுக்கும் இதே யோசனை என்று நான் நினைக்கவில்லை.

பொழுதுபடுகிற நேரம், மஃரிபுக்கு முன் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். காலையில் விட்ட இடத்திலேயே றாஹிலா நாற்காலியில் இருந்தாள். சோறு தின்னக்கூடப் போகவில்லை என்று மகள் சிபானா சொன்னாள். பஸ்ஸை விட்டு நான் முதலில் இறங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அப்போது எனக்குப் பின்னால் நின்று பஸ்மிலா, பத்துப் பேர் கேட்க, "நிக்குது மாமி. உங்கட வீடு நிக்குது" என்றாள். என் மகள் சபையில் பேசிய முதல் பேச்சு அது, அதுவும் பொய். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். யாராவது ஒருவர் சிரித்துவிட்டால், ஒருவர் இல்லையென்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை செத்துப் போயிருப்பாள். முபாரிஸ் பஸ் படியில் நின்றுகொண்டே, "ஓடு ஒண்டுகூட அசையல்ல மாமி" என்றார். கூரை கிடைத்தவர், "கிணத்துத் தண்ணி அள்ளிக் குடிச்சனான், இனிப்பெண்டா இனிப்பு" என்றார். அடுப்படிக்காரர், "கதவுதான் கொஞ்சம் கறையான், மற்றபடி ஒரு கொறையுமில்ல" என்றார். அநுராதபுரத்துச் சிங்கள டிரைவருக்கு எவ்வளவு விளங்கியதோ, அவரும் சீட்டிலிருந்து எட்டி, "நல்லா வீடு அம்மே, ரொம்ப நல்லா வீடு" என்றார். றாஹிலா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். எல்லாரும் கலைந்துபோனார்கள்.

அந்த ஒரு பொய்யோடு கதை முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் நம்முடைய சம்பந்தி மதீனா வந்தாள். மகன் வெடிக்குள் கால் வைத்த கதை அவளுக்குப் போய்விட்டது. "வீடு தந்தம் எண்டீங்க, கண்ணால பாத்துச் சோறு தின்ன ஏலுமா? என்ட புள்ள கால் போய் வந்திருந்தா யார் பதில்?" என்று வாசலில் நின்று கத்தினாள். ஒன்று நாங்கள் இருக்கிற முகாம் வீட்டை ஜெஸீமாவின் பெயருக்குத் தர வேண்டும், இல்லையென்றால் மகனைக் கற்பிட்டிக்குக் கூட்டிப் போய்விடுவேன், மருமகளும் பிள்ளைகளும் இங்கேயே கிடக்கட்டும் என்றாள். முபாரிஸ் தாயை மறிக்கவில்லை. அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே. ஜெஸீமா இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தார் கூப்பிட்டார்கள். தலைவர் முக்தார் ஹாஜியார் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "மௌத்தான மனுசன் சபையில சொன்ன வாக்குப் பொய்யில்ல, வீடு நிக்கிறதுக்கு ஒரு பஸ் சாட்சி. ஆனா கால் வைக்க ஏலாத வீட்டில குடும்பம் நடத்த ஏலாது. வெடி எடுக்கும் வரைக்கும் அந்தப் புள்ளைக்கு ஒரு கூரை வேணும்" என்றார். வெடி எடுக்கும் வரைக்கும் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு மேலே பார்த்தார். மதீனா, "அப்ப சின்னவளுக்கு?" என்று தானே கேட்டுவிட்டு, "அவளுக்கு அந்த ஊர் வீட்டை வைங்க" என்று தானே தீர்ப்பும் சொன்னாள்.

மகன், நான் சரியென்று சொல்லிவிட்டேன். நீ அந்தப் பாலைவனத்தில் ஓடி ஓடி, தங்கச்சிக்கென்று கட்டிய கல்வீடு அது. நீ அனுப்பியதில்தான் சீட் கூரை போட்டோம், நீ வந்து பார்க்கக்கூட இல்லை. அதை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ராத்தாவுக்கு விட்டுக்கொடுத்தேன். வாப்பாவின் வாக்கைச் சபையில் இழுபட விட எனக்கு மனம் வரவில்லை, ராத்தாவையும் இரண்டு பிள்ளைகளையும் தெருவில் விட அதைவிட மனம் வரவில்லை. நானும் பஸ்மிலாவும் பின்னாலுள்ள பழைய அடுப்படிக்கு மாறிவிட்டோம். இப்போது வெடிக்குள் நிற்கிற வீடு பஸ்மிலாவின் சீதனம். அதை நம்பி யார் வருவான் என்று நான் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்திவிட்டாள். எழுது என்றேன், தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள். முபாரிஸ் இரவில் வந்து அடுப்படி வாசலில் நின்று, "மாமி, நான் கேக்கல்ல. உங்களுக்குத் தெரியும் நான் கேக்கல்ல" என்றார். தெரியும் மருமகன், போய்ப் படுங்க என்றேன். மறுநாள் அவரே வந்து அடுப்படிக்குக் கிடுகு மாற்றித் தந்தார்.

இதற்கிடையில் றாஹிலாவின் வீடு முகாமில் வளர்ந்துகொண்டே போகிறது. அவள் ஒவ்வொரு மாப்பிள்ளையையும் கூப்பிட்டு வைத்து விசாரிக்கிறாள், அவர்களும் ஆளுக்கொரு செங்கல் வைக்கிறார்கள். ஒருவர் மாமரம் காய்த்திருக்கிறது என்றாராம், இன்னொருவர் முற்றத்தில் ஆடு படுத்திருந்தது என்றாராம். பெருநாளன்று என்னைத் தன்னுடைய கொட்டிலுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். சிபானாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, "செய்னம்பு, என்னட்ட இருந்தது அந்த வீடு ஒண்டுதான். வீடில்ல எண்டுதான் ரெண்டு சம்பந்தம் முறிஞ்சது. இப்ப இருக்கு. அத சிபானாவுக்கு வெச்சு, உன்ட மகனுக்குத் தரலாமெண்டு யோசிக்கிறன்" என்றாள்.  யோசிப்பம் என்று இழுத்தேன். "யோசிக்க என்ன கிடக்கு? வேற ஒருத்தனக் கேட்டா அவன் அடுத்த பஸ்ஸில போய்ப் பாப்பான், ஒரு நொட்டை சொல்லுவான். நீ பாத்தவள்" என்றாள். அவள் சொன்னது சரிதான் மகன். வேறு ஒருவன் போய்ப் பார்த்தால் எருக்கலையைத்தான் பார்ப்பான். அன்றைக்குப் பஸ்மிலாவின் பொய்யும் பஸ் முழுவதின் பொய்யும் கிழிந்து, ஒரு காலோடு கிடக்கிற அந்தப் பெண் எல்லாருடைய பரிதாபத்துக்கும் நடுவில் இருப்பாள், சிபானாவை இனி ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். "சும்மா ஆட்டாத, வாயால சொல்லு" என்றாள், ஆனால் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஏத்துக்கொண்டன் றாஹிலா, அந்த வீட்ட என்ட மகனுக்கு ஏத்துக்கொண்டன்" என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் கதை. உனக்கென்று நான் வைத்திருந்தது ஒன்றுமில்லை, உள்ளதையும் ராத்தாவுக்குக் கொடுத்தேன், உனக்கு வருவதற்கும் ஒரு வெறும் மணலைப் பேசி முடித்திருக்கிறேன். எந்தத் தாயும் மகனுக்கு இப்படிச் செய்திருக்க மாட்டாள். நீ திரும்பி வரும்போது இறங்குவதற்கு ஒரு வாசல் இல்லை. சிபானா நல்ல பிள்ளை, நீ சின்னதில் கண்ட பிள்ளைதான், தாயைத் தூக்கி இருத்தித் தூக்கி இருத்தி அவளுக்குக் கை உரம் வந்துவிட்டது. ஆனால் பெண் நல்லவள் என்பதற்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ மாட்டேன் என்றால் எழுது, நான் உன்மேல் கோபப்பட மாட்டேன். நானே போய் றாஹிலாவின் பக்கத்தில் இருந்து, கண்டதைச் சொல்லிவிடுவேன். சரியென்றாலும் எழுது. சரியென்றால் மட்டும் ஒரு வேண்டுதல். ஊருக்குப் போகிற பஸ்ஸில் நீ ஏறக் கூடாது. அவள் உசிரோடு இருக்கும் வரைக்கும் ஏறக் கூடாது. கலியாணத்துக்குப் பிறகு உன் பொம்பிளை கேட்டாலும் ஏறக் கூடாது.

வெயிலில் இருந்து வந்த உடனே ஐஸ் தண்ணி குடிக்காதே. சுபஹுத் தொழுகையைத் தவற விடாதே. தங்கச்சியை ஏசி எழுதாதே, அவள் செய்தது பிழையென்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இருந்தும் அன்றைக்கு நான் ஊமையாக நின்ற இடத்தில் ஒரு வாய் திறந்ததே என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தரட்டும், என் ஆயுளில் மிச்சமிருப்பதையும் உனக்கே தரட்டும்.

மறந்துவிடாதே, றாஹிலா மாமி இனி உனக்கு டெலிபோன் எடுப்பாள், வீட்டைப் பற்றித்தான் கதைப்பாள். நீ தடுமாறக் கூடாது. கடல் பக்கம் இரண்டு ஜன்னல். வாசல் மேற்கே பார்த்தது. உள்ளே இரண்டு அறை, பின்பக்கம் தாழ்வாரம். கதவு பச்சை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், முபாரிஸ் நீலம் என்றிருக்கிறார், அவள் கேட்டுவிட்டு, தான் ஊரை விட்டு வந்த பிறகு யாரோ பூச்சு மாற்றியிருக்கிறார்கள் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நீ நீலம் என்றே சொல்.

இப்படிக்கு,
உன் உம்மா
செய்னம்பு

நானா, உம்மா தொழப் போய்விட்டா. முற்றத்தில் ஒரு செவ்வரத்தம் பூமரமும் நிற்கிறது. அதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, நீங்கள் சொல்லுங்கள். பஸ்மிலா.